பீலித் தண்ணீரும் ஒரு பாகப்பிரிவினையும்

"குளோரினும் தண்ணீரும் சேர்ந்தால் ஐதரோகுளோரிக் அமிலம் வரும் என்று படித்தோம். அப்படியென்றால் நாங்கள் குடிப்பது அமிலமா?" இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டன் பக்கத்து மாணவி ஒருத்தியின் கேள்வி இது.

லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரின் வாயு கலந்தால் அந்த அமிலம் அரை மில்லிகிராம் அளவே வரும், பிள்ளை. உன் இரைப்பையில் சுரப்பது இதைவிடப் பல மடங்கு. தோட்டத் தாங்கியில் குளோரின் தூளைப் போட்டால் அதுவும் வராது. தூள் தண்ணீரைச் சற்றுக் காரமாக்கத்தான் செய்யும்.

எனக்குப் பிடித்தது கூடவே பிறக்கும் மற்ற அமிலமான ஐப்போகுளோரஸ்தான். குளோரின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், இரண்டுக்கும் சமமான பங்கு. தண்ணீர் நடுவில் வந்ததும் பாகப்பிரிவினை ஆகிவிடுகிறது. ஒன்று இலத்திரனை எடுத்துக்கொண்டு −1 ஆகி ஐதரசனோடு போகிறது. மற்றது இழந்து +1 ஆகி ஒட்சிசனோடு ஒட்டிக்கொள்கிறது. உயர்தரத்தில் இதை இருவழிவிகாரம் என்பார்கள்.

பெயர் வைப்பதும் எளிதுதான். ஒட்சிசன் இல்லையென்றால் 'ஐதரோகுளோரிக்'. மூன்று ஒட்சிசன் இருந்தால் குளோரிக், இரண்டு குளோரஸ், ஒன்று மட்டும் என்றால் ஐப்போகுளோரஸ். 'ஐப்போ' என்றால் கிரேக்கத்தில் 'கீழே'. நான்கு இருந்தால் பெர்குளோரிக்.

கிருமியைக் கொல்வது இந்த ஐப்போகுளோரஸ். தூளைப் போட்டாலும் தண்ணீரில் வருவது இதுதான். பற்றீரியாவின் மேற்பரப்பில் மறை (−) ஏற்றம் இருக்கிறது. ஏற்றமில்லாத இந்தச் சிறு மூலக்கூறு அதைச் சட்டை செய்யாமல் உள்ளே நுழைந்து, நொதியங்களைக் குலைத்துவிடுகிறது. ஐதரசனை இழந்து ஐப்போகுளோரைற்று அயனாகிவிட்டாலோ அதுவும் மறையேற்றம், வாசலிலேயே தள்ளுப்படும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 7.5 அளவில் பாதி அமிலம், பாதி அயன். 8.5 ஆனால் அமிலம் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நம் வெண்குருதிக் கலங்களும் கிருமியை விழுங்கியபின் இதே அமிலத்தைத்தான் தயாரிக்கின்றன என்று அறிந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்!

"மலை ஊற்றுத் தண்ணீர், அதுக்கு எதுக்கு மருந்து?" என்பவர்கள் எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இன்னும் உண்டு. ஊற்றுக்கு மேலே மாட்டுத்தொழுவமும் மலசலகூடமும் இருப்பதை அந்த நம்பிக்கை பார்ப்பதில்லை. தண்ணீரில் குளோரின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் சோதனைப் பட்டிகளைத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கொடுத்தால் பிள்ளைகளே வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

அப்புறம், அடைமழைக்குப் பிறகு பீலியில் (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயில்) செம்மண் கலங்கி வரும் தண்ணீரில் தூளைக் கொட்டினால் இலைச்சாறும் சேறுமே குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. முதலில் தெளியவிட்டு வடிக்க வேண்டும். பிறகு தூள். அதன்பின் குறைந்தது அரை மணி நேரம் குடத்தைத் தொடாமல் இருக்க வேண்டும்.