உருளைக்கிழங்குத் தோட்டத்தில் சூடோமோனாஸை நீங்களே கொல்லாதீர்கள்

சென்ற வாரம் தாளவாடியிலிருந்து ஒரு விவசாயி, பயிர் நோய் பார்க்கும் என்னிடம் வந்து, ஒரு பை நிறைய உருளைக்கிழங்கை மேசைமேல் கொட்டினார். தோல் முழுவதும் கரும்புள்ளிகள். ஒட்டியிருப்பது மண்தான் என்று அவர் உறுதியாகச் சொன்னதால், ஒரு கிழங்கை வாளித் தண்ணீரில் போட்டு நாரால் தேய்த்துக் காட்டினேன். மண் கரைந்து போயிற்று. புள்ளிகள் அப்படியே இருந்தன. நகத்தால் சுரண்டியபோது, உலர்ந்த தார்த்துளியைப் போல ஒவ்வொன்றாகப் பெயர்ந்து வந்தன. ரைசோக்டோனியா சொலானி என்னும் பூஞ்சையால் வரும் கருஞ்சொறி நோய் அது.

"சூடோமோனாஸ் போட்டனுங்க, ஒண்ணுங் கேக்கலீங்க" என்றார், பூஞ்சை நோயைத் தடுக்க மண்ணில் இடும் அந்தத் தூளைப் பற்றி. செடி வாடத் தொடங்கிய பிறகு, காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் தாமிரப் பூஞ்சைக்கொல்லி கரைத்த அதே டிரம்மில் சூடோமோனாஸ் தூளையும் கொட்டிக் கலக்கி வேருக்கு ஊற்றியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் கிடைக்கும் என்று கடையில் சொன்னார்களாம். இந்தப் பருவத்தில் இதே கதையைச் சொல்லி என்னிடம் வந்த ஐந்தாவது விவசாயி அவர்.

சூடோமோனாஸ் புளூரசன்ஸ் மருந்து அன்று, உயிருள்ள பாக்டீரியா. நீங்கள் வாங்கும் வெள்ளைத் தூளில் பெரும்பகுதி டால்க் மாவு. அதில் ஒட்டி உயிரோடிருக்கும் பாக்டீரியாவுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். தாமிரம் கலந்த மருந்து பூஞ்சையை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்வதில்லை, பாக்டீரியாவையும் கொல்லும். ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே உள்ள மருந்து. பிளீச்சிங் பவுடரோ எதையும் விட்டுவைக்காது. இவற்றோடு ஒரே டிரம்மில் கலந்தால் வயலுக்குப் போய்ச் சேர்வது வெறும் டால்க் மாவுதான். தாமிர மருந்து தெளித்தே ஆகவேண்டும் என்றால், குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

செடி வாடிய பிறகு ஊற்றுவதும் வீண். இந்தப் பாக்டீரியா, பூஞ்சை வருவதற்கு முன்பே வேரைச் சுற்றி இடம்பிடித்துக் குடியேற வேண்டும். தண்டின் அடியைப் பூஞ்சை அரித்து வளையமிட்டு, கீழே இறங்க வேண்டிய சத்து இறங்காமல் இலைக்கக்கத்தில் பச்சைநிறக் குட்டிக் கிழங்குகள் முளைத்துவிட்ட நிலையில், நீங்கள் எதை ஊற்றினாலும் அந்தச் செடி மீளாது.

ஆகவே நடவுக்கு முன்பே ஏக்கருக்கு ஒரு கிலோ தூளை 20 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரமுள்ள மண்ணில், வெயில் தாழ்ந்த நேரத்தில் இடுங்கள். பச்சைச் சாணத்தில் கலக்காதீர்கள். பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்; வாங்கியதைத் தகரக் கொட்டகையில் யூரியா மூட்டைமேல் போட்டு வைக்காதீர்கள். பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மற்றொரு பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை கட்டிக்கொண்டு ஓரளவு வெப்பத்தைத் தாங்கும், சூடோமோனாஸுக்கு அந்த வசதி இல்லை. எங்களைப் போன்றவர்கள் இதை முன்பே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று. பின்கருகல் நோய்க்குச் சூடோமோனாஸை நம்பி உட்காராதீர்கள். பனியும் மூட்டமும் சேர்ந்தால் சில நாள்களில் தோட்டத்தையே கருக்கிவிடும் அந்த நோய்க்கு உரிய மருந்தைக் காலத்தில் தெளித்தே ஆகவேண்டும்.

பாக்டீரியாவை எவ்வளவு ஒழுங்காக இட்டாலும், சொறி பிடித்த விதைக்கிழங்கை நட்டால் நோயை நாமே மண்ணில் புதைக்கிறோம் என்றுதான் பொருள். மேட்டுப்பாளையம் மண்டியில் சமையலுக்கு வந்த கிழங்கில் மலிவானதைப் பொறுக்கி விதைக்கு எடுத்து வருவதை, தயவுசெய்து, விட்டுவிடுங்கள். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் உருளையே போடாமல் இடையில் ராகியோ மக்காச்சோளமோ போடுங்கள். கொடி காய்ந்த பிறகு, விலை ஏறட்டும் என்று கிழங்கை மண்ணுக்குள்ளேயே வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். அந்த நாள்களில்தான் கரும்புள்ளிகள் தோலில் பெருகுகின்றன.

அடுத்த நடவுக்கு விதை வாங்கும்போது, மூட்டைக்குப் பத்துக் கிழங்கை எடுத்துக் கழுவிப் பாருங்கள். புள்ளி போகவில்லை என்றால் அந்த மூட்டையை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், நடுவதற்கு முன் என்னைப் போன்ற ஒருவரிடம் நாலு கிழங்கைக் கொண்டுவந்து காட்டுங்கள்.