ஆச்சேயில் எவ்வளவு தள்ளி நிற்பது?

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு வேலையாகப் போகிறவர்களுக்கு முன்பயிற்சி தருவது என் தொழில். ஷரியா சட்டம் நடக்கிற மாகாணம் என்று கேட்டதுமே பலர் ஒரு முடிவோடு வகுப்புக்கு வருகிறார்கள்: யாரையும் தொடக்கூடாது, எல்லாரிடமும் தள்ளியே நிற்க வேண்டும். பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் நம் ஆட்கள் 'கர்வம் பிடித்தவர்' என்று பெயர் வாங்குகிறார்கள்.

பண்டா ஆச்சேயில் உலே காரெங் பக்கம் காப்பிக் கடைகள் பிரபலம். நீளமான துணி வடிகட்டியை உயரத் தூக்கித் தூக்கிக் காப்பி ஆற்றுவார்கள். கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க் விட்ட 'சாங்கர்' ஒன்று சொல்லிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். ஆண்கள் தோள் உரச உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாதவர்கூட உங்கள் மேசைக்கே நாற்காலியை இழுத்துப் போடலாம். எங்கே போகிறீர்கள், கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளைகள் என்று கேட்கலாம். இதில் வேவு எதுவும் இல்லை. உடம்பைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்தால்தான் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆண், பெண் என்று வரும்போது கணக்கே வேறு. பெண் கை நீட்டினால் குலுக்குங்கள். இல்லாவிட்டால் கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்தால் போதும். வீட்டு அமைப்பிலேயே இந்தப் பிரிவு இருந்தது. தூண்கள்மேல் நிற்கும் பழைய ஆச்சே வீட்டில் முன் தாழ்வாரம் ஆண் விருந்தாளிகளுக்கு, பின் தாழ்வாரம் பெண்களுக்கு. இன்றும் வீட்டில் பெண் மட்டும் இருந்தால் வாசலோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுவதுதான் மரியாதை.

சட்டமும் இருக்கிறது. ஒருவரையொருவர் மணக்காத, மஹ்ரம் உறவும் (மணம் செய்யத் தடையுள்ள நெருங்கிய உறவு) இல்லாத ஆணும் பெண்ணும் மறைவான இடத்தில் தனித்திருப்பது 'கல்வத்'. 2014இல் இயற்றிய ஜினாயத் கனூன்படி (மாகாணத்தின் ஷரியா குற்றவியல் சட்டம்) இதற்குப் பத்துப் பிரம்படி வரை கிடைக்கும். முஸ்லிம் அல்லாதவர்களும் சில நிலைகளில் இதற்குள் வருவார்கள். எனக்கு இந்தத் தண்டனையில் உடன்பாடு இல்லை. வகுப்பிலும் அதை மறைப்பதில்லை. நகரத்து இளைஞர்கள் காப்பிக் கடையில் கலந்து உட்காருவதையும் பார்க்கலாம். ஆனால் 2018இல் பிருயென் மாவட்டத்தில், மஹ்ரம் அல்லாத ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது என்று சுற்றறிக்கையே வந்தது. ஊருக்கு ஊர் மாறும், அவ்வளவுதான்.

நான் அழுத்திச் சொல்வது ஒன்று. நீங்கள் வேலை முடிந்து விமானம் ஏறிவிடுவீர்கள். ஊர்ப் பேச்சைத் தாங்க வேண்டியவர் உங்களோடு வேலை செய்த உள்ளூர்ப் பெண். அதனால் கூட்டம் நடக்கும் அறைக் கதவைத் திறந்தே வையுங்கள், மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கட்டும். இரவு நேரமாகிவிட்டால் "நான் கொண்டுபோய் விடவா?" என்று கேட்பதைவிட, "கூட யார் வருகிறார்கள்?" என்று கேளுங்கள். அண்ணனோ தம்பியோ வண்டியில் வரும்வரை வெளிச்சமான வராந்தாவில் மற்றவர்களோடு காத்திருங்கள்.