மலைமேல் பல்கலைக்கழகத் திடல்: நிதிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கீழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டுத் திடலை மேம்படுத்த வேண்டுமென்றால் முதல் கேள்வி பணம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் முதல் கேள்வி நிலம்: அது எந்த வகைப்பாட்டில் இருக்கிறது, எவ்வளவு சரிகிறது, அதில் எந்த இயந்திரம் இறங்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி நிதியை முதலில் வாங்கிக்கொண்டு வரும் திட்டங்கள்தான் பாதியில் நிற்கின்றன. ஒப்புதலான தொகை ஒரு நிதியாண்டு கணக்கில் கிடக்கும், அனுமதி வராது, பிறகு வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்.

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஆட்சிக்குழுத் தீர்மானமே தொடக்கம். உதகை அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளுக்குக் கருத்துரு கல்லூரிக் கல்வி இயக்ககம் வழியாகப் போக வேண்டும், கட்டுமானத்தைப் பெரும்பாலும் பொதுப்பணித் துறை செய்யும். இது தவிர இரண்டுக்கும் பாதை ஏறத்தாழ ஒன்றுதான்.

நிலப் பத்திரங்கள்

பட்டா, 'அ' பதிவேடு (கிராம நில விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று ஆகிய நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு வகைப்பாட்டைப் பாருங்கள். அரசுப் பதிவில் எங்காவது 'காடு' என்றிருந்தால், அங்கே ஐம்பது வருடமாகப் பிள்ளைகள் பந்து உதைத்திருந்தாலும் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். கூடலூர்ப் பக்கம் என்றால் இன்னொரு சிக்கல்: 1969ஆம் ஆண்டு ஜென்ம நிலவுடைமை (பழைய பெருநில உரிமை முறை) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும் நிலங்கள். அவற்றின் உரிமை முடிவாகாமல் அங்கே திட்டம் போடுவது வீண்வேலை.

திடலின் ஓரத்தில் நிற்கும் கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை (வாட்டில்), சில்வர் ஓக் எதையும் 'நம் வளாகத்து மரம்தானே' என்று வெட்ட முடியாது. 1955ஆம் ஆண்டு தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி தேவை. மரங்களை எண்ணி, சுற்றளவு அளந்து, எண் எழுதிப் பட்டியலாகக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு மரத்தின் இடமும் குறிக்கப்படாவிட்டால் மனு திரும்பி வரும்.

மண்வேலைக் கணக்கு

பெரும்பாலான கருத்துருக்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் இதை விரிவாகப் பார்ப்போம். எல்லோரும் கேட்பது 400 மீட்டர் செயற்கை இழை ஓடுதளம். எட்டுத் தடம் கொண்ட தரமான ஓடுதளத்துக்கு நீளவாக்கில் சுமார் 177 மீட்டரும் அகலவாக்கில் சுமார் 92.5 மீட்டரும் சமதரை வேண்டும். இதில் பார்வையாளர் படிக்கட்டு, வடிகால் எதுவும் சேரவில்லை. அந்தச் சமதரையும் சும்மா சமமாக இருந்தால் போதாது. குறுக்கே உட்பக்கமாக நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் சரியக் கூடாது, ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் இறங்கக் கூடாது.

பத்துக்கு ஒன்று சரியும் இடத்தை எடுத்துக்கொள்வோம். மலையில் இது மென்மையான சரிவு, பார்த்தால் மேடு என்றே தோன்றாது. 92.5 மீட்டர் அகலத்தில் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 9 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மேல்பாதியை 4.6 மீட்டர் வரை வெட்டிக் கீழ்பாதியை அதே அளவு நிரப்ப வேண்டும். வெட்டும் மண் மட்டும் ஏறக்குறைய 19,000 கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 6,700 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). 2009 நவம்பர் நிலச்சரிவுகளுக்குப் பிறகு நீலகிரியில் இந்த அளவு மண்வேலைக்கு யாரும் எளிதில் கையெழுத்துப் போட மாட்டார்கள். போடவும் கூடாது. பொக்லைன், ஜேசிபி போன்ற இயந்திரங்களை இறக்குவதற்கே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படும் இடம் இது.

இதோடு ஒப்பிட வேண்டியது நேர்தடத்தை. 100 மீட்டரும் 110 மீட்டர் தடை ஓட்டமும் நடத்த, புறப்படும் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர், முடிவுக் கோட்டுக்கு அப்பால் 17 மீட்டர் என மொத்தம் 130 மீட்டர் நீளம் போதும். எட்டுத் தடத்துக்கு, தடத்துக்கு 1.22 மீட்டர் வீதம், ஓர இடைவெளியும் சேர்த்து 12 மீட்டர் அகலம். சமஉயரக் கோட்டை ஒட்டி இதை அமைத்தால், அதே பத்துக்கு ஒன்று சரிவில், வெட்டும் ஆழம் 60 சென்டிமீட்டர். மண் 235 கன மீட்டருக்குள், அதாவது சுமார் 83 யூனிட். 6,700 எங்கே, 83 எங்கே! நீளம் தாண்டுதலுக்கான 40 மீட்டர் ஓடுபாதையையும் மணல் குழியையும் அதன் பக்கத்திலேயே கூடுதலாக ஒரு பட்டையாகச் சேர்த்துவிடலாம்.

ஏற்கெனவே சமப்படுத்திய பெரிய திடல் இல்லாத கல்லூரி முழு ஓடுதளம் கேட்பதை எங்களால் ஆதரிக்க முடியவில்லை. நேர்தடம், இரண்டு கைப்பந்து ஆடுகளம், ஒரு கூடைப்பந்து ஆடுகளம் ஆகியவற்றைத் தனித்தனிப் படிமட்டங்களில் அமைத்தால் மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவார்கள், மலைக்கும் சேதம் குறைவு. முழுச்சுற்று ஓட்டப் பயிற்சிக்கு உதகையில் எச்.ஏ.டி.பி. மைதானம் போன்ற பொதுத் திடல்களோடு நேரம் பகிர்ந்துகொள்ள எழுத்து வடிவில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் ஓடிய குறுந்தூர நேரங்கள் தரவரிசைப் பட்டியல்களில் உயரக் குறியோடுதான் பதிவாகும். உதகையும் கொடைக்கானலும் 2,000 மீட்டரைத் தாண்டியவை. போட்டி நடத்தும் இடமாக இருப்பதைவிடப் பயிற்சி இடமாக இருப்பதே இவற்றுக்குப் பொருத்தம்.

உள்விளையாட்டரங்கமும் 7 மீட்டர் விதியும்

மழை ஊர் என்பதால் கூரை போட்ட அரங்கம் கேட்பது இயல்பு. ஆனால் மலைநகரக் கட்டட விதிகளில் கட்டட உயரத்துக்குப் பொதுவான வரம்பு 7 மீட்டர். கைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் ஆடுதரைக்கு மேல் தடையில்லாத வெளியே குறைந்தது 7 மீட்டர் வேண்டும், இறகுப்பந்துக்கு அதற்கும் மேல். கூரையின் கனம், உத்தரம், விளக்கு எல்லாம் போனால் 7 மீட்டர்க் கட்டடத்துக்குள் மிஞ்சுவது ஐந்தரை, ஆறு மீட்டர். அதில் மேசைப்பந்து, கபடி, யோகா, பளுதூக்கல், ஜூடோ தாராளமாக நடக்கும். இறகுப்பந்து நடக்காது, தூக்கி அடித்த ஒவ்வொரு பந்தும் உத்தரத்தில் இடிக்கும்.

இதற்கு வழி இரண்டு. உயர விலக்கு கேட்டு நகர் ஊரமைப்பு இயக்ககம் வழியாக அரசுக்கு மனு செய்வது ஒன்று. அதற்கு ஆகும் காலத்தைத் திட்ட அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும். தரையைப் பூமிக்குள் இறக்குவது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறார்கள். ஆனால் உயரத்தை எந்த மட்டத்திலிருந்து அளப்பார்கள் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். மலைப்பக்கச் சுவரில் ஊறும் நீருக்கு வடிகட்டுக் கல்லும் துளைக் குழாயும் வைக்காவிட்டால் மரத்தரை ஒரே மழைக்காலத்தில் உப்பிவிடும்.

கட்டடமும் மண்வேலையும் பெரிதாக இருந்து, இடம் பட்டியலில் உள்ள மலைக் கிராமத்தில் இருந்தால், 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் (ஹாகா) அனுமதி வேண்டும். கோப்பு அங்கே போவதற்கு முன் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளும் மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையும் சேர வேண்டும். இவற்றை ஒன்று முடிந்து ஒன்று என்று கேட்காதீர்கள். ஒரே அளவை வரைபடத்தின் நகல்களோடு எல்லாத் துறைக்கும் ஒரே வாரத்தில் கொடுங்கள். ஒரு துறைக்காக வரைபடத்தை மாற்றினால் மற்றவர்களுக்கும் திருத்திய நகல் போக வேண்டும். சான்றுகளில் பரப்பளவு ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

பணம் எங்கிருந்து

பெரிய பணிகளுக்கு ஒன்றிய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தின் உள்கட்டமைப்புப் பிரிவு. கருத்துருவுக்கு மாநில விளையாட்டுத் துறையின் பரிந்துரை வேண்டும், அதனால் மாவட்ட விளையாட்டு அலுவலரையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தையும் முதலிலேயே அணுகுங்கள். வில்லங்கமில்லாத நிலம், பராமரிப்புச் செலவை நிறுவனமே ஏற்கும் என்ற உறுதிமொழி, விரிவான மதிப்பீடு ஆகியவை அடிப்படை. தொகை தவணையாக வரும். அண்மைச் சுற்று 2021-22 முதல் 2025-26 வரைக்கானது, அதற்குப் பிந்தைய கருத்துருவைப் புதிய வழிகாட்டு நெறிகளைப் பார்த்தபின் தயாரிக்க வேண்டும்.

உடைமாற்றும் அறை, கழிப்பறை, விளக்குக் கம்பம், கம்பிவேலி போன்ற சிறு பணிகளுக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்) பொருந்தும். கோரிக்கை உறுப்பினரிடம், செயலாக்கம் மாவட்ட ஆட்சியர் வழியாக. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்கலாம், 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை விளையாட்டுப் பயிற்சியை அனுமதிக்கிறது.

மதிப்பீடு போடும்போது பொதுப்பணித் துறை விலைவிகித அட்டவணையில் மலைப்பகுதிக்கான கூடுதல் விகிதத்தையும், ஜி.எஸ்.டி.யையும், மண் பரிசோதனைக் கட்டணத்தையும் சேர்த்தாக வேண்டும். சமதள விகிதத்தில் போட்ட மதிப்பீட்டுக்கு ஒப்பந்தக்காரர் யாரும் வர மாட்டார். வந்தாலும் வடிகாலில் மிச்சம் பிடிப்பார்.

ஒப்பந்தப்புள்ளியும் பருவமும்

1998ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழான விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் கொடுக்க வேண்டும். இது எளிய பகுதி. கடினமானது காலண்டர். நீலகிரியின் மேற்குப் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. டிசம்பர் கடைசியும் ஜனவரியும் உறைபனி. கோடையில் சுற்றுலா நெரிசல், கனரக வண்டிகளுக்கு மலைப்பாதையில் நேரக் கட்டுப்பாடு. செயற்கை மேற்பரப்பு போட வறண்ட அடித்தளமும் 10 டிகிரிக்கு மேல் வெப்பமும் வேண்டும். ஆக மிஞ்சுவது பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் பாதி வரை. அதன் நடுவே மார்ச் 31 வருகிறது.

இதனால் வேலையை இரண்டு நிதியாண்டாகப் பிரிப்பதே சரி. முதல் ஆண்டில் மண்வேலை, தாங்குசுவர், வடிகால். நிரப்பிய மண் ஒரு முழு மழைக்காலத்தைக் குடித்து அமுங்கட்டும். இரண்டாம் ஆண்டு பிப்ரவரியில் தார்த்தளமும் மேற்பரப்பும். ஒரே ஆண்டில் முடிக்க அவசரப்பட்டால், நிரப்பிய பக்கம் இறங்கும், வெட்டிய பக்கம் அப்படியே நிற்கும், இரண்டும் சேரும் கோட்டில் ஓடுதளம் நீளவாக்கில் வெடிக்கும். தவணைப் பணத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழையும் (படிவம் ஜி.எஃப்.ஆர். 12-ஏ) இந்தப் பிரிவினைக்கு ஏற்பவே திட்டமிடலாம்.

தார்க்கலவை கீழிருந்து மலைப்பாதையில் ஏறி வரும்போது சூடு இறங்கிவிடும். வண்டி தார்ப்பாய் போட்டு மூடப்பட்டிருக்கிறதா, கொட்டும் இடத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தார்களா என்று பொறியாளர் பதிவு வைக்க வேண்டும். ஆறிய கலவையை உருளை எவ்வளவு அழுத்தினாலும் அது இறுகாது, உள்ளே நீர் தங்கும், மேற்பரப்பு கொப்பளிக்கும். செயற்கைப் பரப்பின் கனம் சுமார் 13 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பல இடங்களில் துளையிட்டு அளந்து பார்க்காமல் ஒப்பந்தக்காரரின் இறுதிக் கட்டணப் பட்டியலுக்குக் கையெழுத்து வேண்டாம்.

திடலுக்கு மேல்பக்கத்தில் மழைநீரைத் தடுத்துத் திருப்பும் கால்வாய் கட்டாயம். தாங்குசுவரில் நீர்த்துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். நிழல் விழும் ஆடுகளத்தில் பாசி பிடித்து வழுக்கும், ஆண்டுக்கு இரண்டு முறையாவது தேய்த்துக் கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும். ஆழ்துளைக் கிணறு போட மலையில் கட்டுப்பாடு இருப்பதால் அரங்கக் கூரையின் மழைநீரைச் சேர்க்கும் தொட்டியை மதிப்பீட்டிலேயே எழுதுங்கள். புல்திடலுக்குக் கிக்குயூ புல் குளிரைத் தாங்கும், ஆனால் ஓரம் தாண்டி மேற்பரப்புக்குள் வேர்விடும், இடையில் கான்கிரீட் விளிம்பு தேவை. வேலி இல்லாத திடலில் காட்டுமாடு இரவில் வந்து நிற்கும், அதன் குளம்பு செயற்கைப் பரப்பைக் கிழித்துவிடும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டையும் சேர்த்தே பேசுகிறது. படிமட்டங்களாக அமைத்தால் ஒவ்வொரு மட்டத்துக்கும் பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் சாய்தளம் வேண்டும். ஒன்றரை மீட்டர் ஏற 18 மீட்டர் நீளம் ஆகும். வரைபடத்தில் முதலிலேயே இடம் விடாவிட்டால் பிறகு அதற்கு இடமே கிடைக்காது.

மாணவர்களும் ஊர்மக்களும் திட்டத்தின் நிலையை அறியத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். 'திடல் எப்போது முடியும்' என்று கேட்டால் 'நடவடிக்கையில் உள்ளது' என்றுதான் வரும். நிர்வாக ஒப்புதல் ஆணை, தொழில்நுட்ப ஒப்புதல் பெற்ற மதிப்பீடு, துறைவாரியான தடையின்மைச் சான்றுகள், ஒப்பந்த உடன்படிக்கையில் பழுதுக்குப் பொறுப்பேற்கும் காலம் குறித்த பக்கம் ஆகியவற்றின் நகல்களைத் தேதி, எண் குறிப்பிட்டுக் கேளுங்கள்.