பக்கத்து அறைக் கணினி ஏன் கண்ணில் படுவதில்லை?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “கீழ்த்தளத்தில் என் லேப்டாப், மாடியில் மகனுடைய டெஸ்க்டாப். இரண்டிலும் விண்டோஸ்தான், இரண்டிலும் இணையம் வருகிறது, வைஃபையின் பெயரும் ஒன்றே. ஆனால் ‘நெட்வொர்க்’ பகுதியைத் திறந்தால் என் லேப்டாப் மட்டும் தனியாக நிற்கிறது. குடும்பப் புகைப்படங்களை இன்னும் பென் டிரைவில்தான் மாடிக்கு எடுத்துப் போகிறேன். ஃபயர்வாலை அணைத்துவிடச் சொல்கிறார்கள், அணைக்கலாமா?”

அணைக்க வேண்டாம். ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வடிகட்டும் காவல் மென்பொருள். காரணம் இன்னதென்று தெரியாமல் அதை அணைப்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட ஒரு கணினி மூடநம்பிக்கை. பத்தில் ஒருமுறை பலித்துவிடுவதால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நெட்வொர்க் பட்டியலில் ஒரு கணினி இடம்பெறுவது வேறு, அந்தக் கணினியை எட்ட முடிவது வேறு. பட்டியலில் இல்லாத கணினியிலிருந்து தாராளமாகக் கோப்புகளை எடுக்கலாம். ஆகவே பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு அடியிலிருந்து தொடங்குவோம்.

இரண்டு கணினிகளிலும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையைத் தட்டி, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினியையும் அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால், இரண்டு முகவரிகளிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் அந்தக் கணினிக்கு ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். முதல் மூன்று எண்கள் ஒத்துப்போவதாக இப்போதைக்கு வைத்துக்கொள்வோம், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்தமான பகுதி இங்கேதான் வருகிறது.

உங்கள் லேப்டாப்பின் முகவரி 192.168.1.5, மாடிக் கணினியின் முகவரி 192.168.1.20 என்போம். ஐபி முகவரி தெரிந்துவிட்டால் தரவை அனுப்பிவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஈதர்நெட்டுக்கும் வைஃபைக்கும் ஐபி முகவரி புரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிலும் உற்பத்தியின்போதே பதிக்கப்படும் 48 பிட் மேக் முகவரிதான். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கியில் ஒரு கார் எண்ணைச் சொல்லி, “வண்டியின் உரிமையாளர் உடனே வாசலுக்கு வரவும்” என்று அறிவிப்பார்கள் அல்லவா, அதே முறைதான். அறிவிப்பவருக்கு எண் தெரியும், ஆளைத் தெரியாது. மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் அறிவிப்பு விழும், எழுந்து வருபவர் ஒருவர்தான். இந்த அறிவிப்பு முறைக்கு ஏஆர்பி என்று பெயர். டேவிட் பிளம்மர் என்பவர் 1982 நவம்பரில் ஆர்எஃப்சி 826 என்ற சிறிய ஆவணத்தில் எழுதிவைத்த முறை அது. இன்றும் நம் வீட்டு நெட்வொர்க்குகளில் ஓடுவது அதுவேதான்.

அந்தச் செய்தியின் சிக்கனத்தைப் பாருங்கள். மொத்தம் 28 பைட். கேட்பவரின் மேக் முகவரி 6 பைட், ஐபி முகவரி 4 பைட், தேடப்படுபவரின் ஐபி முகவரி 4 பைட், தேடப்படுபவரின் மேக் முகவரிக்கென்று காலியாக விடப்பட்ட 6 பைட், மீதி 8 பைட்டில் இது என்ன வகைச் செய்தி என்ற குறிப்பு. இதை உறைபோலச் சுமந்து செல்லும் சட்டகத்தின் பெறுநர் முகவரியில் 48 பிட்டும் 1 என்று இருக்கும். ‘எல்லோரும் கேளுங்கள்’ என்பதற்கான குறி அது. கேள்வியிலேயே கேட்டவரின் இரண்டு முகவரிகளும் இருப்பதால், மாடிக் கணினி “இவர் யார், எங்கே இருக்கிறார்” என்று திரும்ப ஒரு அறிவிப்புச் செய்ய வேண்டியதில்லை; அவற்றைக் குறித்துக்கொண்டு, காலியிடத்தில் தன் மேக் முகவரியை நிரப்பி, கேட்டவருக்கு மட்டும் நேராக அனுப்பிவிடும். பதில் சொன்னவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்க இதில் எந்த ஏற்பாடும் கிடையாது. அது பலவீனம்தான், ஆனால் இந்த எளிமைதான் அதை நாற்பதாண்டுகளுக்கும் மேலாகக் காப்பாற்றியும் வருகிறது.

துப்புத் துலக்குபவருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. விண்டோஸின் ஃபயர்வால் ஐபி செய்திகளைத்தான் வடிகட்டுகிறது. ஏஆர்பி அதற்குக் கீழே நடப்பது. எனவே ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பார்க்கும் பிங் கட்டளைக்கு வாயைத் திறக்காத கணினிகூட ஏஆர்பி அறிவிப்புக்குப் பதில் சொல்லியே தீரும். லேப்டாப்பிலிருந்து 192.168.1.20 என்ற முகவரிக்குப் பிங் அனுப்பிப் பாருங்கள். ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று வந்தால் பலர் கணினியே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு நேர்மாறான பொருள்தான்: ஏஆர்பிக்குப் பதில் கிடைத்துவிட்டது, பிங் அங்கே போயும் சேர்ந்தது, ஃபயர்வால் அதை விழுங்கிவிட்டது. உங்கள் லேப்டாப்பின் சொந்த முகவரியான 192.168.1.5 என்பதையே பதில் சொன்னவராகக் காட்டி, ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால்தான் அறிவிப்புக்கு யாருமே எழுந்து வரவில்லை என்று பொருள். சந்தேகம் இருந்தால் உடனே ‘ஏஆர்பி’ என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோடும் ‘ஏ’ எழுத்தும் சேர்த்து இயக்குங்கள். 192.168.1.20க்கு எதிரே மேக் முகவரி இருந்தால் மாடிக் கணினி இருக்கிறது, பேசத்தான் மறுக்கிறது. பழைய பதிவுகள் சிறிது நேரம் அட்டவணையில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பிங் அனுப்பிய கையோடு பார்ப்பது நல்லது.

பேச மறுக்கும் கணினிக்கு மருந்து எளிது. புதிய நெட்வொர்க்கில் சேரும்போது விண்டோஸ் அதைப் ‘பப்ளிக்’ என்றே வகைப்படுத்தும். ரயில் நிலைய வைஃபைக்கு அது பொருத்தமானது, வீட்டுக்கு அல்ல. அமைப்புகளில் உங்கள் வைஃபையின் பண்புகளுக்குப் போய் ‘பிரைவேட்’ என்று இரண்டு கணினிகளிலும் மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்குங்கள். ஃபயர்வால் தன் பாட்டுக்கு இருக்கட்டும்.

இனி, முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகாத வீடு. பெங்களூரு மாடி வீடுகளில் இதுதான் அதிகம் என்பது என் எண்ணம். இணைய நிறுவனம் கீழ்த்தளத்தில் ஒரு ஃபைபர் பெட்டியை வைத்துவிட்டுப் போகிறது, மாடியில் சிக்னல் எடுப்பதில்லை, எஸ்.பி. ரோட்டில் ஒரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து, இணையம் உள்ளே வருவதற்கான அதன் ‘வான்’ துளையில் செருகி, வைஃபைக்கு அதே பெயரையும் வைத்துவிடுகிறோம். பெயர் ஒன்றானாலும் நெட்வொர்க்குகள் இரண்டு. கீழே 192.168.1, மேலே 192.168.0. ரவுட்டர் ஏஆர்பி அறிவிப்புகளைத் தாண்ட விடாது. ஒரே கட்டடத்தின் இரு தளங்களில் நடக்கும் இரண்டு கல்யாணங்களைப் போல, கீழே அறிவிப்பது மேலே கேட்காது. இன்னொரு விநோதமும் உண்டு. மாடியிலிருந்து கீழ்க்கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்துக் கூப்பிட்டால் கிடைக்கும், ஏனென்றால் மேல் ரவுட்டர் தன் முகவரியைப் போட்டு அதை வெளியே அனுப்பும், பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கும். கீழிருந்து மேலே கூப்பிட்டால் கிடைக்காது. தன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை மேல் ரவுட்டர் வெளியே சொல்வதே இல்லை. ஒருவழியில் மட்டும் வேலை செய்கிறது என்றால் ஃபயர்வாலைச் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

தீர்வு: மேல் ரவுட்டரை, தனி நெட்வொர்க் அமைக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றலாம். அந்த வசதி இல்லையென்றால், அதன் சொந்த முகவரியைக் கீழுள்ள வரிசையில் யாருக்கும் ஒதுக்கப்படாத ஒன்றாக வைத்து, கணினிகளுக்கு ஐபி முகவரி ஒதுக்கும் டிஹெச்சிபியை அதில் நிறுத்தி, கேபிளை ‘வான்’ துளையிலிருந்து, வீட்டுக் கணினிகளுக்கான ‘லான்’ துளைக்கு மாற்றிச் செருகுங்கள். எண்கள் ஒத்துப்போயும் ஏஆர்பிக்குப் பதில் இல்லையென்றால், ஒரு கணினி ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கிறதா, ரவுட்டரில் ‘ஏபி ஐசோலேஷன்’ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையில் எல்லாத் தரவும் ரவுட்டர் வழியாகவே போவதால், இரு கணினிகளைப் பேசவிடாமல் தடுக்க அதனால் முடியும்.

கடைசியாக அந்தப் பட்டியல். பழைய விண்டோஸில் வீட்டுக் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தி ஒரு கணினியைப் பட்டியல் காப்பாளராகத் தேர்ந்தெடுத்தன; மற்றவை சுமார் 12 நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று அதனிடம் சொல்லும், மூன்று முறை தவறினால்தான் பெயர் நீங்கும். அணைத்துவிட்ட கணினி அரைமணி நேரம் கழித்தும் பட்டியலில் தெரிந்த மர்மம் இதுதான். அந்த ஏற்பாடு எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு நெறிமுறையைச் சார்ந்திருந்தது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற கணினிக் கிருமி அந்த நெறிமுறையின் ஓட்டை வழியே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை. பட்டியலை மீட்க அதைத் திரும்ப நிறுவச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். இப்போது ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது. மாடிக் கணினியில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சேவையைத் தானாகத் தொடங்கும்படி வைத்தால் போதும்.

அதன் பிறகும் பட்டியல் அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள். மாடிக் கணினியில் புகைப்படக் கோப்புறையைப் பகிர்ந்துவிட்டு, லேப்டாப்பில் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளும் அந்த ஐபி எண்ணும் தட்டுங்கள். கடவுச்சொல் கேட்கும்போது மகன் தினமும் தட்டும் நான்கு இலக்கப் பின் எண் செல்லாது, அவருடைய கணக்கின் கடவுச்சொல்தான் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. எண் மாறிப்போகாமல் இருக்க, டிஹெச்சிபியை நடத்தும் கீழ் ரவுட்டரில் மாடிக் கணினியின் மேக் முகவரிக்கு 192.168.1.20 என்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.