துப்பாக்கிக் கட்டை ஏன் எப்போதும் கழுத்தில் பிளக்கிறது?

1950களில் செய்த ஒரு வின்செஸ்டர் மாடல் 70 வேட்டைத் துப்பாக்கியை இன்று எடுத்துப் பார்த்தால், குழலும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டும் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். கெட்டுப்போவது மரக்கட்டைதான். அதிலும் விரிசல் விழுவது அநேகமாக ஒரே இடத்தில்: டிரிகருக்குப் பின்னால், சுடுபவரின் கை சுற்றிப் பிடிக்கும் ஒடுங்கிய கழுத்துப் பகுதியில். தோளில் அழுந்தும் அகலமான பின்பகுதி உடைவது அபூர்வம்.

கழுத்து மெலிந்திருப்பதுதான் காரணம் என்று தோன்றும். அது பாதிதான் சரி. மரம் எல்லாத் திசையிலும் ஒரே பலம் உள்ள பொருளல்ல. நார் ஓடும் வாக்கில் இழுத்தால் அது பயங்கரமாகத் தாங்கும். நாரும் நாரும் விலகும்படி குறுக்கே இழுத்தால், அந்தப் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காலங்காலமாக இதற்குப் பயன்படுவது அக்ரூட் மரம். உதையைத் தாங்கும், கையைக் கடுக்காத எடை, செதுக்கினால் சிலும்பாது. ஆனாலும் குறுக்குவாட்டில் அதுவும் மரம்தான்.

இனி உதையைப் பார்ப்போம். .30-06 ரகத் தோட்டாவின் 11.7 கிராம் ஈயக்குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் முன்னே போகிறது. வெடிமருந்தின் வாயு அதைவிட வேகமாக அதன் பின்னால் பாய்கிறது. பதிலுக்கு 3.6 கிலோ துப்பாக்கி, நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. இந்த வேகத்தை எட்ட அதற்குக் கிடைக்கும் நேரம் சில மில்லிநொடிகள். உதை முதலில் விழுவது இரும்பின் மேல். இரும்புதான் மரத்தைத் தள்ள வேண்டும். எந்த இடத்தைப் பிடித்துத் தள்ளுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரியாகச் செய்த துப்பாக்கியில், குழல் பொருந்தி நிற்கும், போல்ட் ஓடும் இரும்புக் கூடான ரிசீவரின் முன்பக்க அடியில் ஓர் இரும்புப் புடைப்பு இருக்கும். ரீகாயில் லக் என்பார்கள். அது மரத்தில் வெட்டிய பள்ளத்தின் பின்சுவரில் அப்பி உட்கார்ந்து, உதையை அகலமாகப் பரப்பிக் கொடுக்கும். பல வருட உதையில் அந்தச் சுவர் நசுங்கலாம், துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய் ஊறி மெத்துப்போகலாம். அப்போது இரும்பு மயிரிழை அளவு பின்னால் நகரும். ரிசீவரின் மெல்லிய வால்முனை கழுத்து மரத்தில் போய் இடிக்கும். விறகில் அடித்த ஆப்பு மாதிரி, ஒவ்வொரு வெடிக்கும் அது நாரைப் பிரித்துக்கொண்டே போகும்.

அதனால் விரிசலில் பசையை ஊற்றி இறுக்கிக் கட்டிவிட்டால் பழுது சரியாகிவிட்டது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். ஆப்பு உள்ளேயே இருக்கிறதே!

முதலில், குண்டு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு இரும்பு முழுவதையும் கழற்ற வேண்டும். அடுத்த எதிரி எண்ணெய். எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசையும் ஒட்டாது, ஏனென்றால் பசை நாரை நனைத்து அதன் நுண்துளைகளுக்குள் இறங்கினால்தான் பிடிப்பு. பழைய கைவினைஞர்கள் சீமைச்சுண்ணாம்புப் பொடியை அசிட்டோனில் குழைத்து விரிசலைச் சுற்றிப் பூசுவார்கள். அசிட்டோன் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும். அது ஆவியாக மேலே வரும்போது எண்ணெயும் கூடவே வந்து பொடியில் தங்கிவிடும். வெள்ளைப் பொடி பழுப்பாகும். பழுப்பாவது நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பூச வேண்டும். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே பக்கத்தில் நெருப்பு கூடாது.

அப்புறம்தான் எபாக்சி என்ற, இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை. மெல்லச் சூடாக்கினால் அது தண்ணீர்போல் இளகி விரிசலின் கடைசி முனைவரை போகும், ஆனால் சீக்கிரம் இறுகியும்விடும். கழுத்து வளைவாக இருப்பதால் சாதாரணக் கிளாம்ப் வழுக்கும்; ரப்பர் குழாயை இழுத்து இழுத்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் அழுத்தம் விழும். இறுகியபின், விரிசலுக்குக் குறுக்கே துளையிட்டு, மரை வெட்டிய பித்தளைக் கம்பியை எபாக்சியில் தோய்த்து உள்ளே விடுவார்கள். மரத்துக்கு இல்லாத குறுக்குப் பலத்தைக் கம்பி கொடுக்கிறது. எபாக்சி இல்லாத காலத்தில் வட அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடிகள் ஈரமான பச்சைத்தோலைக் கழுத்தில் சுற்றித் தைத்தார்கள். தோல் காய்ந்து சுருங்கும்போது உடைந்த பாகங்களை இரும்புப் பிடியாக இறுக்கிவிடும். அப்படிப் பழுதுபார்த்த துப்பாக்கிகளை அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம்.

கடைசியாக ஆப்பை எடுக்க வேண்டும். லக்கின் பின்னால் நசுங்கிய மரத்தைச் செதுக்கி எடுத்து, அங்கே எபாக்சிக் கலவையை நிரப்பி, ஒட்டாதிருக்க மெழுகு பூசிய இரும்பை அதில் உட்காரவைத்தால், லக்கின் அச்சு அப்படியே விழும். வால்முனைக்குப் பின்னால் மட்டும் மெல்லிய இடைவெளி விடுவார்கள். பார்ப்பவருக்கு அது வேலை சுத்தமில்லாததுபோல் தெரியும். வேண்டுமென்றே விட்டது அது.

எல்லாக் கட்டையையும் காப்பாற்ற முடியாது. நார் கழுத்தின் வளைவோடு ஓடாமல் சாய்வாக வெளியே வந்து முடிந்திருந்தால், கீழே விழுந்த ஒரே அடியில் அது குறுக்கே முறியும். ஒட்டினாலும் பக்கத்தில் இன்னொரு முறிவு காத்திருக்கும். என்னைக் கேட்டால், அங்கே மாற்றுவதே மேல். மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டிய லாமினேட் கட்டையில் ஒரு தகட்டின் பலவீனத்தை அடுத்தது மறைத்துவிடும். ஜெர்மன் ராணுவம் தன் மௌசர் துப்பாக்கிகளுக்கு 1930களின் பிற்பகுதியிலேயே அதற்கு மாறியது. ரெமிங்டன் நிறுவனம் 1959இல் நைலான் 66 என்ற சிறு துப்பாக்கியில் மரத்தையே விட்டுவிட்டது. கண்ணாடியிழைக் கட்டைகளில் ஈரத்தில் ஊறிப் பெருக்கும் தொல்லையும் இல்லை. அக்ரூட் மழையில் உப்பி, முன்பகுதி வளைந்து குழலைத் தொட்டால், குண்டு போகும் இடமே மாறிப்போகும்.

புதுக் கட்டை வாங்கினாலும் இரும்பை அப்படியே வைத்துத் திருகிவிட முடியாது. லக்கில் கறுப்பு மையைப் பூசி, உள்ளே வைத்து எடுத்து, மை ஒட்டிய மேடுகளை மட்டும் சீவ வேண்டும். பின்சுவர் முழுக்க மை ஒட்டும்வரை இந்த வேலை நடக்கும்.