ஒரே எல்டிஎல், ஒருவருக்கு மட்டும் ஏன் மாத்திரை?

இரண்டு பேருக்கு ரிப்போர்ட்டில் எல்டிஎல் (ரத்தத்தில் உள்ள கெட்ட கொலஸ்ட்ரால்) 150 என்று வருகிறது. ஒருவருக்கு டாக்டர் அன்றே மாத்திரை எழுதுகிறார், இன்னொருவரிடம் உணவையும் உடற்பயிற்சியையும் பற்றிப் பேசி அனுப்பிவிடுகிறார். இரண்டுமே சரியான முடிவாக இருக்கலாம், ஏனென்றால் மருத்துவ வழிகாட்டுதல்கள் எல்டிஎல் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, அந்த ஆளுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன.

சிலருக்குக் கணக்கே தேவையில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், எல்டிஎல் 190ஐத் தொட்டவர்கள் (இதில் சிலருக்குப் பரம்பரைக் கோளாறு இருக்கும், அப்போது குடும்பத்தினரையும் பரிசோதிக்க வேண்டும்), 40 முதல் 75 வயதுக்குள் சர்க்கரை நோய் உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் 2018 அமெரிக்க வழிகாட்டுதல் நேராகக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைக்குப் போகச் சொல்கிறது. மற்றவர்களுக்கு வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் போட்டு அடுத்த 10 வருட அபாயத்தைக் கணக்கிடுவார்கள். அது 5 சதவீதத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் வாழ்க்கைமுறை மாற்றம் போதும், 20 சதவீதத்தைத் தாண்டினால் மாத்திரை.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. எல்டிஎல்லைச் சுமார் 39 மி.கி. குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும், இது பல பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்தது. அபாயம் 20 சதவீதமாக உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டால், 20 பேருக்கு வரவேண்டியது 16 பேருக்கு வரும், 4 பேர் தப்புகிறார்கள். அதே மாத்திரையை 3 சதவீத அபாயம் உள்ள 100 பேர் 10 வருடம் விழுங்கினால் தப்புவது சராசரியாக ஒருவருக்கும் குறைவு. மருந்தின் வேலை ஒன்றுதான், பலன்தான் ஆளைப் பொறுத்து மாறுகிறது.

இதில் ஒரு குறையும் உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். இந்தக் கணக்கில் வயதுக்கு எடை மிக அதிகம், அதனால் 35 வயதில் புகைபிடித்துக்கொண்டு எல்டிஎல் 170 உள்ளவருக்கும் 10 வருட அபாயம் குறைவாகவே காட்டும், ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. 2023இல் வந்த ப்ரிவென்ட் என்ற கணக்கீடு 30 வருட அபாயத்தையும் காட்டுவது இதனால்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். 5க்கும் 20 சதவீதத்துக்கும் நடுவில் சிக்கி முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதய ரத்தக்குழாய்களில் கால்சியம் படிந்திருக்கிறதா என்று சிடி ஸ்கேன் எடுக்கலாம். பூஜ்யம் வந்தால், புகைப்பழக்கமோ சர்க்கரை நோயோ இல்லாதவர் மாத்திரையைத் தள்ளிப்போடலாம்.

சரி, மாத்திரை என்ன செய்கிறது? கல்லீரல் செல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை ஸ்டேட்டின் மட்டுப்படுத்துகிறது. உள்ளே தட்டுப்பாடு வந்ததும் செல் தன் மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளை அதிகமாக வைத்து, ரத்தத்தில் போகிற எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிறது. (இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985இல் நோபல் கிடைத்தது.) டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான், ஆகவே போதவில்லை என்றால் டோஸை ஏற்றிக்கொண்டே போகாமல், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெடிமைப்பைச் சேர்க்கிறார்கள், அதற்கும் மேல் தேவைப்பட்டால் அந்த ஏற்பிகளை அழிக்கும் பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி. அபாயம் மிக அதிகமான நோயாளிகளுக்கு 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல் வைத்த இலக்கு 55க்கும் கீழே, அங்கே போய்ச்சேர ஒரு மருந்து பலருக்குப் போதாது.

தசை வலி பயத்தில் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அந்த வலி பொய் இல்லை. ஆனால் பக்கவிளைவால் ஸ்டேட்டினை நிறுத்தியவர்களுக்கு, எது எதுவென்று சொல்லாமல் ஒரு மாதம் ஸ்டேட்டின், ஒரு மாதம் மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று மாற்றிமாற்றிக் கொடுத்த சாம்சன் ஆய்வில், தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. அதனால் வலித்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸைக் குறைக்கவோ வேறு ஸ்டேட்டினுக்கு மாற்றவோ வழி இருக்கிறது.

ஆரம்பித்த 4 முதல் 12 வாரங்களில் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்து எத்தனை சதவீதம் குறைந்தது என்று பார்ப்பார்கள். அப்புறம் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான், நிறுத்தினால் சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய அளவுக்கு ஏறிவிடும்.