ஏணி தீப்பெட்டியான கதை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரும் நெடுஞ்சாலையில் பாடி கட்டாத லாரியைப் பார்த்திருப்பீர்கள். கேபின் கிடையாது, கதவு கிடையாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் வெயிலில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அடியில் சக்கரங்கள். அவ்வளவுதான் வண்டி. பாடி கட்டும் ஊர் வரைக்கும் அப்படியே ஓட்டிக்கொண்டு போவார்கள்.

மலைக்குப் போகும் ஜீப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை. கூரையையும் கதவையும் கழற்றி வைத்துவிட்டாலும் ஜீப் ஓடும். பாரத்தைத் தாங்குவது ஏணி போன்ற அந்தச் சேசிஸ்தான். பாடி என்பது அதன்மேல் ரப்பர் வைத்து, போல்ட் போட்டு உட்கார வைத்த பெட்டி. 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் ஜீப் பெருமளவில் தயாரானபோதும், 1947-இல் மஹிந்திரா அதை இந்தியாவில் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டத் தொடங்கியபோதும் அடியில் இருந்தது இந்த ஏணி. 1994-இல் வந்த டாடா சுமோவிலும் 1998-இல் வந்த சஃபாரியிலும் 2000-இல் வந்த பொலிரோவிலும் அதுவே இருந்தது. ஆனால் 2021-இல் அதே சஃபாரி என்ற பெயரில் வந்த வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள், ஏணி இருக்காது. பெயர் பழையது, எலும்பு புதியது.

ஏணி என்னதான் செய்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது சந்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பில். பெங்களூரா காய் ஏற்றிய பிக்கப் ஒன்று வாய்க்காலைக் கோணலாகக் கடந்தது. முன்னால் இடது சக்கரமும் பின்னால் வலது சக்கரமும் மேட்டில், மற்ற இரண்டும் பள்ளத்தில். கேபின் ஒரு பக்கம் சாய, பின்னால் இருந்த தொட்டி எதிர்ப்பக்கம் சாய்ந்தது. இரண்டின் மேல்விளிம்பும் கத்தரிக்கோல் போல விலகி நின்றன. வண்டி சமதளத்துக்கு வந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி நேராகிவிட்டன. சேசிஸ் முறுக்கிக்கொடுத்தது, அந்த முறுக்கு கேபினுக்குப் போய்ச் சேரவில்லை. மூங்கில் ஏணியின் இரண்டு முனைகளையும் இருவர் பிடித்து எதிரெதிராகத் திருப்பினால் அது வளைந்துகொடுக்குமே, அதே கதைதான்.

ஏணிக்குக் கீழே, இரண்டு சக்கரங்களையும் இணைத்துக் குறுக்கே ஒரே உருட்டாக ஓடும் ஆக்சில் ஒன்று உண்டு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரத்தை அது கீழே அழுத்தும். பாறை நிறைந்த தடத்தில் டயர் மண்ணை விடாமல் பிடித்துக்கொள்ள இது பெரிய உதவி. அந்த ஆக்சிலைத் தாங்குவது அடுக்கடுக்கான ஸ்பிரிங் பட்டை. பத்துப் பேரையும் நாலு மூட்டை ராகியையும் சுமக்கக் கணக்குப் போட்டுச் செய்த பட்டை, இரண்டு பேர் மட்டும் போனால் அசைந்தே கொடுக்காது. காலி ஜீப்பில் வத்தல்மலை போய் வந்தவருக்கு இடுப்பு சொல்லும். ஆள் ஏறினால்தான் வண்டி அடங்கும்.

சரி, இதே வண்டியை ஒரு குடும்பம் வாங்கி, வாரக் கடைசியில் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மலையில் வரமாக இருந்த ஒவ்வொன்றும் இங்கே தொல்லை. ஏணிக்கு மேலே தரை இருப்பதால் பாட்டி ஏறவே ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். எடை உயரத்தில் இருப்பதால் வளைவில் வண்டி சாய்கிறது. கனமான ஆக்சில் சாலையின் சின்னக் குழியில்கூடத் துள்ளி, ஒரு சக்கரத்தின் அடியை மறு சக்கரத்துக்கும் கடத்துகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் தார்ச்சாலையை விட்டு இறங்குவதே இல்லை என்றான பிறகு, தயாரிப்பாளர்கள் ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினார்கள்.

முதலில் போனது பட்டை. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர், ஏணியை வைத்துக்கொண்டே நாலு சக்கரத்துக்கும் சுருள் சுருளான காயில் ஸ்பிரிங் போட்டது. நம் ஊர் மஹிந்திரா தார் வண்டி நல்ல உதாரணம்: 2010 மாடலில் பின்னால் பட்டை, 2020-இல் காயில், 2024-இல் ஐந்து கதவோடு ராக்ஸ். ஆனாலும் ஏணி அப்படியே இருக்கிறது. முன் சக்கரங்களைத் தனித்தனியாக அசைய விடுவதும் இப்படித்தான் வந்தது. 2002-இன் ஸ்கார்பியோவில் முன்பக்கம் தனித்தனி, பின்பக்கம் பழைய முழு ஆக்சில்.

கடைசியில் ஏணியே போனது. இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தீப்பெட்டியை எடுத்து உள்தட்டை மட்டும் வெளியே உருவி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்குங்கள். சுலபமாகத் திருகும். அதைத் திரும்ப உறைக்குள் தள்ளிவிட்டு முறுக்குங்கள். விறைத்து நிற்கும். அட்டை அதேதான், எல்லாப் பக்கமும் மூடிய பெட்டியாக ஆனதும் அதற்கு வலு வந்துவிட்டது. மோனோகாக் என்பது இதுதான். தரை, தூண், கூரை எல்லாம் மெல்லிய தகடுகளாக ஒட்டி, வெல்டிங் செய்து, முழுப் பெட்டியே பாரத்தைச் சுமக்கிறது. எடை குறைகிறது, தரை தாழ்கிறது, டீசல் மிச்சமாகிறது. மோதினால் எந்த இடம் நசுங்க வேண்டும், எந்த இடம் நசுங்கக் கூடாது என்று முன்கூட்டியே திட்டமிடவும் வசதி. ஏணி வண்டியில் இது முடியவே முடியாது என்று நினைக்க வேண்டாம். ஸ்கார்பியோ-என் ஏணி வண்டிதான், 2022-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

1984-இலேயே ஜீப் செரோக்கி இந்த வழிக்கு வந்துவிட்டது. 1994-இல் டொயோட்டா ராவ்4 இன்னும் ஒரு படி போய், காரின் பாகங்களைக் கொண்டே உயரமான வண்டியைக் கட்டியது. இந்தியாவில் 2011-இன் எக்ஸ்யூவி500, 2012-இன் டஸ்டர். அதோடு பல வண்டிகளில் இன்னொன்றும் சத்தமில்லாமல் காணாமல் போனது: லோ கியர். ஃபோர் வீல் ஜீப்பில் இரண்டாவதாக ஒரு சின்ன கியர் குச்சி இருக்குமே, அது. இன்ஜினின் இழுவையை இரண்டு, இரண்டரை மடங்காக்கி, வேகத்தை அதே அளவு குறைக்கும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். பிரேக்கைத் தொடாமலே வண்டி நடைவேகத்தில் இறங்கும், பிரேக் சூடாகாது. புது வண்டிகளில் இறக்கத்துக்கு ஒரு பட்டன் இருக்கிறது, அது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து வேலை செய்வது. நீண்ட மலை இறக்கத்தில் இரண்டும் ஒன்றல்ல என்பது என் திடமான எண்ணம்.

அதற்காக மோனோகாக் என்றாலே பூஞ்சை என்றும் சொல்ல மாட்டேன். 2020-இல் வந்த புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் அலுமினிய மோனோகாக். லோ கியரும் உண்டு, 900 மில்லிமீட்டர் தண்ணீரிலும் இறங்கும். ஆனால் அதன் விலையில் சந்தூரில் தோப்பே வாங்கலாம்.

அன்று அந்தப் பிக்கப்புக்குப் பின்னால் எங்கள் வண்டி. மோனோகாக், முன் சக்கர இழுவை. அதே வாய்க்காலில் இடது முன் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு வெறுமனே சுற்றியது. இன்ஜின் ஓட்டத்தை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷியலின் குணம் அது, இழுவையே இல்லாத சக்கரத்துக்குத்தான் ஓட்டமெல்லாம் போகும். நான் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிக்கப் டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

"காலை எடுக்காதீங்கண்ணா, அப்படியே அழுத்திப் பிடிங்க. அதுவே பார்த்துக்கும்."

பிடித்தேன். காலடியில் கடகடவென்று ஒரு சத்தம். சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போட்டுப் பிடிக்க, ஓட்டம் மண்ணில் இருந்த வலது சக்கரத்துக்குத் திரும்பியது. வண்டி மெல்ல நகர்ந்து மேடேறியது. நாங்கள் இருந்தது மூன்று பேர், டிக்கியில் இரண்டு பெட்டி மாம்பழம். முன்னால் நின்ற பிக்கப்பில் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். அவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு அடுத்த வாய்க்காலை நோக்கிக் கிளம்பினார்.